சில்வியா நிறுத்திய தண்ணீர்

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் அண்ணன் முத்து முகம்மது அவர்களே! முன்வரிசையை நிறைத்து எங்கள் முகம் மலரச் செய்திருக்கும் மூத்தோர்களே! சமையலைப் பாதியில் விட்டுச் சபைக்கு வந்திருக்கும் தாய்மார்களே! காரைக்காலின் கடற்காற்று வாங்கியபடி கடைசியில் நிற்கும் தம்பிமார்களே! குடியிருப்போர் சங்கச் செயலாளர் பங்கஜவல்லியின் பணிவான வணக்கம்.

நம் குடிநீர் நிலையம் இன்று மீண்டும் திறக்கிறது. அது மூடிக் கிடந்த கதை உங்களுக்குத் தெரியும். அதை இயக்கும் தங்கை சில்வியா பட்ட பாடு தெரியுமா?

வாய்க்கால் நீரை வடிகட்டித் தருவது எது? மெம்பிரேன் என்கிறோமே, அந்த நுண்சவ்வு. சேமியா போன்ற மெல்லிய குழல்கள். அவற்றின் சுவரெங்கும் கண்ணுக்குத் தெரியாத துளைகள். நீர் நுழையும், கிருமி நுழையாது.

மழை வந்தது. வாய்க்கால் கலங்கியது. வண்டலும் பாசியின் வழவழப்பும் சவ்வின்மேல் படிந்தன, துளைகளுக்குள்ளும் புகுந்தன. தண்ணீருக்கு வழிவிட்ட சவ்வே தண்ணீரைத் தடுத்தது. மோட்டார் முக்கியது, முனகியது. குழாயில் வந்ததோ நூல் போன்ற நீர்!

வரிசை வளர்ந்தது, வசவும் வளர்ந்தது. சில்வியா ஓட்டல்களுக்குத் தண்ணீரைத் திருப்பிவிடுகிறாள் என்றுகூடப் பேசினார்கள். அந்த அவதூறை அடக்க அவருக்கு வழி இருந்தது. கடுமையான குளோரினை ஊற்றியிருந்தால் அன்று மாலையே தண்ணீர் கொட்டியிருக்கும். ஊற்றினாரா? இல்லை. நிலையத்தையே மூடினார்!

கொதித்துப் போனார் ஆஸியா பீவி. தண்ணீரில்லாமல் இடியாப்பக் கடையைச் சாத்தியவர், சண்டைக்கே வந்தார். சில்வியா அக்கா முறை சொல்லி அவரை உள்ளே அழைத்துப்போய், கழற்றி வைத்திருந்த குழல்களைக் காட்டினார்.

"தொட்டுப் பாருங்க லாத்தா."

தொட்ட விரலில் பழுப்பாய் ஒட்டியது பிசுபிசுப்பு. கழுவினால் போகாதா என்று கேட்டார் ஆஸியா பீவி.

"போகுங்க. மெதுவா கழுவணும். மருந்தை அள்ளிக் கொட்டுனா அழுக்கோட சவ்வும் நைஞ்சு போயிடும். அப்புறம் தண்ணி நல்லா வரும், கிருமியும் சேந்து வரும். அந்தத் தண்ணிய உங்க பேத்திக்கு என் கையால புடிச்சுத் தர மாட்டேன் லாத்தா."

சண்டைக்கு வந்தவர் விரலைத் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "வெளிய நிக்கிறவங்கள நான் பாத்துக்கறேன். நீ வேலையப் பாரும்மா."

பார்த்துக்கொண்டார்! லாரித் தண்ணீர் வரும்வரை ஒவ்வொரு வீட்டுப் படியும் ஏறி விளக்கினார். பொறியாளர் மணிபாரதி வந்தார். சில்வியாவோடு சேர்ந்து, அளந்த மருந்தில் ஊறவைத்து, அலசி, சோதித்தார். பாதித் துளைகள் திறந்தன. மீதி திறக்கவே இல்லை. ஆகவே கெட்ட குழல்களை மாற்றினோம். வண்டல் தங்க முன்னால் ஒரு தொட்டி கட்டினோம்.

என்ன ஐயா கேட்கிறீர்கள்? இனி அடைக்காதா என்றா? அடைக்கும் ஐயா! அழுக்கைத் தடுக்கும் சவ்வு அழுக்கைச் சுமக்காமல் இருக்குமா? நாள்தோறும் கழுவ வேண்டும். நலிந்தால் மாற்ற வேண்டும். அதற்கு ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு நம் ஆதரவு வேண்டும்!

மேடையில் ஒரு நாற்காலி காலியாய் இருக்கிறதே, பார்த்தீர்களா? சில்வியாவுக்குப் போட்டது. அழைக்கப் போனேன். சவ்வு கழுவும் நேரம் என்று சொல்லிவிட்டார்.

தண்ணீரைத் தடுத்தவர் என்று தூற்றினோமே, அவர் தடுத்தது எதை? நம் வீட்டுக்குள் வரவிருந்த நோயை! வாழ்த்தும் கைதட்டலும் எதிர்பார்த்தா தடுத்தார்? வசவைக் கேட்டுக்கொண்டே தடுத்தார்!

இங்கே கைதட்ட வேண்டாம் தாய்மார்களே. கூட்டம் முடிந்து குழாயடிக்குப் போவீர்கள் அல்லவா? அங்கே அவர் நிற்பார். அவர் முகம் பார்த்து, பெயர் சொல்லி, நீங்களே முதலில் பேசுங்கள்.

பொறுமையோடு கேட்ட பெருமக்களுக்கு என் நெஞ்சார்ந்த நன்றி. வணக்கம்.