கழுத்தில் ஒரு நிழல்

— நேத்து இந்த இடத்துல ஒரு நிழல் போட்டேன். காணோம்.

— கால் முளைச்சு ஓடிடுச்சோ என்னமோ.

— விளையாடாத. படத்துல உன் கழுத்து, இடது பக்கம். இன்னிக்கு வந்து பாத்தா வழவழன்னு இருக்கு.

— நீங்களே துடைச்சிருப்பீங்க. மூக்குல கண்ணாடிய வச்சுக்கிட்டே வீடு பூரா தேடுற ஆளு...

— முந்தாநாளும் இதே கதைதான். அசையாத.

— ரிட்டயர் ஆனா சும்மா இருக்கீங்களா? முதல்ல புல்லாங்குழல், அப்புறம் நட்சத்திரம், இப்ப பிரஷ். நடுவுல மாட்டிக்கிட்டது நான்.

— டிராயிங் மாஸ்டர் என்ன சொன்னார் தெரியுமா? 'தெரிஞ்சத வரையாதீங்க டாக்டர், கண்ணுல பட்டத வரைங்க'ன்னார்.

— படம் வரையச் சொன்னா நீங்க எக்ஸ்ரேயில்ல எடுக்கிறீங்க!

— இந்த ரூமுக்கு நீ வந்தியா?

— பெருக்க வேண்டாமா?

— உன் விரல்ல டர்பன்டைன் வாசனை வருது.

— உங்க சட்டையில இருக்கிற பெயின்ட்டப் பின்ன யாரு போக்குறது?

— சட்டை இன்னும் அழுக்குக் கூடையிலதான் கிடக்கு. சொல்லு.

— டாக்டர் வேலை முடிஞ்சு இப்ப போலீஸ் வேலையா?

— எனக்கு பயமா இருக்குடி. ஞாபகம் போகுதோன்னு. காலையில எனக்கு நானே டெஸ்ட் வச்சுக்கிட்டேன். நூறுலேருந்து ஏழு ஏழா கழிச்சு...

— அய்யோ... என்ன ஆச்சு?

— ஒண்ணு கூட தப்பல. அப்ப துடைச்சது நான் இல்ல. இன்னிக்குப் புதுசா கழுத்துல சுத்தியிருக்கியே, அந்த ஷாலை எடு.

— குளிருதுங்க.

— நெத்தியில வேர்த்து வழியுது, குளிருதாம். எடு. ம்... எச்சில் முழுங்கு.

— படம் வரையறவரு கேக்கற கேள்வியா இது?

— முழுங்குடி... ஏறி இறங்குது பாரு. கட்டி. இதப் போயி என்கிட்ட மறைச்சியா?

— நீங்க மட்டும் என்னவாம்? தினமும் அத வரையத் தெரிஞ்சுது. வாயத் திறந்து ஒரு வார்த்தை கேட்டீங்களா?

— எத்தனையோ பேருக்கு முகத்துக்கு நேரா சொன்னவன்தான்... உன்கிட்ட வாய் வரல. நிழலாத்தான் இருக்கும், வெளிச்சம் அப்படி விழுதுன்னு என்னை நானே ஏமாத்திக்கிட்டேன்.

— எனக்குப் போன வாரமே தெரியும். உங்க பழைய ஆஸ்பத்திரியிலதான் ஊசி குத்திப் பாத்தாங்க. ஆபரேஷனுக்கு நாளும் குறிச்சாச்சு. உங்ககிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு நான்தான் அவங்க வாய அடைச்சு வச்சேன். கல்யாணம் ஆனதிலேருந்து இப்படி எதிர்ல உக்காந்து என் முகத்த நீங்க பாத்ததே இல்லீங்க... படம் முடியற மட்டுமாவது பேஷண்ட் ஆகாம, உங்க பொண்டாட்டியாவே உக்காந்திருக்கலாம்னுதான் துடைச்சேன்.