அசையாத நெஞ்சின் அளவு

2024 நவம்பர் 14, வியாழன்.

இன்று மாலை அரியலூரில், சுவாச சிகிச்சை வகுப்பில் ஒரு சின்னத் தப்பு செய்துவிட்டேன். நுரையீரல் எவ்வளவு விரிந்து கொடுக்கிறது என்று பார்க்க, உள்ளே போன காற்றின் அளவை அழுத்தத்தால் வகுக்க வேண்டும். அதற்கு முன், வென்டிலேட்டர் எப்போதும் உள்ளே விட்டுவைக்கும் அடி அழுத்தத்தைக் கழிக்க வேண்டும். கழிக்க மறந்துவிட்டேன்.

இளவரசன் சார் சிரித்தார். "ஏம்மா சுகன்யா, உன் நோட்டுலயா தப்பு? இன்னிக்கு அரியலூருல மழைதான் வரப்போவுது."

நானும் சிரித்தேன். என் நோட்டில் மூன்றாம் படுக்கை நோயாளியின் அளவுகள் உள்ள பக்கங்களை, இப்படித்தான் எழுத வேண்டும் என்று அவர் வகுப்பு முழுக்கக் காட்டியிருக்கிறார்.

பகலில் பெரம்பலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் வென்டிலேட்டர் பார்க்கிறேன். மூன்றாம் படுக்கையில் இருந்தவர் நடராசன், பூலாம்பாடி விவசாயி, நிமோனியா. அளவு எடுக்க மூச்சை ஓரிரு நொடி உள்ளே நிறுத்துவோம். அப்போது நோயாளி தானாக இழுத்தால் எண் குதித்துவிடும். என் கை மேல் எனக்கு நம்பிக்கை குறைவு. மூன்று தடவை எடுப்பேன்; மூன்றும் ஒத்துவந்தால்தான் சோறு இறங்கும்.

போன வெள்ளிக்கிழமை பரணிதரன் டாக்டர் சொன்னார்: "நெஞ்சு தெளிஞ்சிருச்சு. தெனம் காலைல மயக்க மருந்த நிறுத்துங்க. முழிச்சாருன்னா தொண்டைக் குழாய எடுத்துரலாம்."

சனிக்கிழமை காலை நிறுத்தினேன். நடராசன் கண்ணைத் திறந்து, தானாக மூச்சிழுத்தார். மூன்று அளவும் மூன்று விதம். மருந்தைத் திரும்ப ஓடவிட்டேன், கொஞ்சம் கூட்டியே. எண்கள் ஒத்துவந்தன. எவ்வளவு நிம்மதி. டாக்டர் வருவதற்கு முன் மருந்து பம்பை நிறுத்திவிட்டேன். டாக்டர் தட்டிப் பார்த்தார், நடராசன் அசையவில்லை. "சரி, நாளைக்குப் பாப்போம்."

ஞாயிறும் திங்களும் அப்படியே. நடராசன் மனைவி தனம் கண்ணாடிக்கு வெளியே நின்று சிரித்தார்.

"வூட்லயும் இதே கததான் பாப்பா. படுத்தாருன்னா டிராக்டர் ஏறுனாலும் எந்திரிக்க மாட்டாரு."

"நல்லாத் தூங்கட்டுங்க்கா."

"தூங்கட்டும், தூங்கட்டும். கடல புடுங்குற நாளாப் பாத்துப் படுத்துக்கிட்டாரு, கெட்டிக்காரரு."

செவ்வாய்க்கிழமை, குழாய் வழியாக இறங்கிய புதுக் கிருமியால் காய்ச்சல் ஏறியது. புதன்கிழமை மதியம் இறந்துவிட்டார்.

என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டால் சொல்வேன்: எழுப்பச் சொன்ன மூன்று காலையிலும் நான்தான் தூங்க வைத்தேன். வைக்காமல் இருந்திருந்தால் சனிக்கிழமையே குழாய் வெளியே வந்திருக்கும், இந்நேரம் வீட்டில் இருப்பார். ஆனால் அவர் நுரையீரலை அவ்வளவு கவனமாகப் பார்த்தவர் வேறு யாரும் இல்லை. தனம் அக்காவும் போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீதாம்மா நல்லாப் பாத்துக்கிட்ட" என்றார். அதைக் கேட்க மனசுக்கு இதமாக இருந்தது.

நாளை: ஆறாம் படுக்கை, ஏலாக்குறிச்சி மலர்க்கொடி. இன்று முதல் தானாக மூச்சிழுக்கிறார். காலை ஏழு மணிக்கு, டாக்டர் வருவதற்குள், அளவு எடுக்க வேண்டும்.