மூன்றாம் மாடிக் கதவு

சாயங்காலம் ஆறரை மணி இருக்கும். இரண்டு பக்கமும் பூட்டிக் கிடக்கும் கிடங்குகள். நடுவே நீளமாக ஒரு சாலை. எதிரே ஒரு சைக்கிள்கூட இல்லை. அந்தச் சாலையில் ஒரு சின்ன லாரி மட்டும் தனியாகப் போய்க்கொண்டிருக்கிறது... பின்னால் கயிறு போட்டுக் கட்டிய கதவுகள்.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கரண்ட் வரும்போது வரட்டும்.

அந்த லாரியில் போனவர் என் நண்பனின் சித்தப்பா. ஃபயர் டோர் மாட்டுவதும் பழுது பார்ப்பதும்தான் அவர் வேலை. பெரிய கட்டடங்களில், வீடுகள் இருக்கிற நடைக்கும் மாடிப்படிக்கும் நடுவே கனமாக ஒரு கதவு இருக்குமே, அதுதான். நடையில் தீப்பிடித்தால் புகையைப் படிக்கட்டுக்குள் விடாது. மேல்மாடிக்காரர்கள் படிவழியாக இறங்கித் தப்பிக்கலாம். நாம் திறந்துவிட்டால் அதுவே சாத்திக்கொள்ளும்; அதற்கு மேலே ஒரு இரும்புக் கை இருக்கும்.

சித்தப்பாவுக்குக் கதவுப் பைத்தியம். ஆஸ்பத்திரிக்கு யாரையாவது பார்க்கப் போனால்கூட, முதலில் வார்டுக் கதவைத் திறந்துவிட்டு அது ஒழுங்காகச் சாத்துகிறதா என்று பார்ப்பார். அப்புறம்தான் நோயாளி. சித்தி தலையில் அடித்துக்கொள்வாள். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் சிரித்தே ஆளை விரட்டிவிடுவார்.

அன்றைக்கு அவர் போனது ஓர் ஐந்து மாடிக் குடியிருப்புக்கு. முந்தைய வருஷம் மூன்றாம் மாடியில் தீப்பிடித்திருந்தது. மற்ற மாடிகளுக்கு ஆட்கள் திரும்பி வந்துவிட்டார்கள். மூன்றாவது மட்டும் காலி.

வாட்ச்மேன் தலையைச் சொறிந்தார்.

"அண்ணே, மத்ததை மாட்டுங்க. மூணாவது மாடியை மட்டும் காலையில பாத்துக்கலாமே."

"ஏன், அந்தக் கதவு அதுக்குள்ள தூங்கிடுச்சா?"

வாட்ச்மேன் சிரிக்கவில்லை.

சித்தப்பாவும் லோடுமேனும் புதுக் கதவை மூச்சு வாங்க மேலே ஏற்றினார்கள். சுவரில் சாய்த்துவிட்டு லோடுமேன் டீ குடிக்கப் போய்விட்டார். சித்தப்பா தனியாக நின்றார். கையில் பேட்டரி லைட். பழைய கதவில் படிக்கட்டுப் பக்கம் பச்சை பெயிண்ட் அப்படியே இருந்தது. மேலே இரும்புக் கை இல்லை. நான்கு திருகாணி ஓட்டைகள் மட்டும், உள்ளே அழுக்கு அடைந்து... என்றைக்கோ யாரோ கழற்றிய மாதிரி.

கைப்பிடியைப் பிடித்து இழுத்தார்.

ஒரு விரல்கடை வந்தது. திரும்பப் போய்ச் சாத்திக்கொண்டது.

இதை நன்றாகக் கேளுங்கள். சிக்கிக்கொண்ட கதவு அசையாது. பூட்டிய கதவு 'டக்'கென்று ஓரிடத்தில் நின்றுவிடும். இது வந்தது... பிறகு மெதுவாக உள்ளே போனது. ரொம்ப நேரமாக வலியோடு பிடித்திருக்கிற கை இழுத்தால் எப்படிப் போகுமோ, அப்படி.

சித்தப்பா காலைச் சுவரில் ஊன்றி இரண்டு கையாலும் இழுத்தார். அந்த விரல்கடை இடைவெளியில் கருகிய வயர் வாடை வந்தது. அதோடு ஈரத்துண்டு வாடை. அப்புறம்... ஒரு மூச்சு. இருமலை அடக்குகிறவர்கள் விடுவார்களே, அந்த மாதிரி மூச்சு.

கதவு சாத்திக்கொண்டது.

சித்தப்பா கீழே இறங்கி வந்தபோது வாட்ச்மேன் சொம்பில் தண்ணீரோடு நின்றிருந்தார்.

"இழுக்குதாண்ணே?"

அவ்வளவுதான் கேட்டார்.

பிறகு அவரே சொன்னார். மூன்றாம் மாடியில் ஒரு டெய்லர் குடும்பம். தீப்பிடித்த அன்று டெய்லர் காய்ந்த துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போயிருந்தார், சின்ன மகளையும் கூட்டிக்கொண்டு. மனைவி மட்டும் வீட்டில். நடையில் மெயின் பாக்ஸ் வெடித்தது. அவள் அந்த மாடியில் இருந்தவர்களை எல்லாம் படிக்கு விரட்டிவிட்டாள். ஆனால் கதவு சாத்தவில்லை. தண்ணீர் கேன் தூக்கிக்கொண்டு போக இடைஞ்சலாக இருக்கிறதென்று யாரோ அந்த இரும்புக் கையைக் கழற்றிப் போட்டிருந்தார்கள். படிப்பக்கம் நின்று எவ்வளவு தள்ளினாலும் நெருப்புக் காற்று அதைத் திரும்பத் திறந்துவிட்டது. புகை படிக்கட்டில் ஏறியது. மேலே அவள் புருஷனும் பிள்ளையும் இருந்தார்கள்.

அவள் துண்டை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டாள். உள்ளே போய்க் கதவை இழுத்துச் சாத்தி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மேலே இருந்த அத்தனை பேரும் இறங்கிவிட்டார்கள். டெய்லர் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தக் கதவை உரசிக்கொண்டுதான் இறங்கினார். அவள் கீழே நிற்பாள் என்று நினைத்துக்கொண்டு... அவளை ஜன்னல் வழியாகத்தான் வெளியே எடுத்தார்கள். அதற்கப்புறம் அந்தக் கதவை ஒருவராலும் திறக்க முடியவில்லை.

"அவரு இங்கதான் இருக்காரு, தரைத்தளத்துல. அன்னையிலேர்ந்து இந்தப் படியில கால் வச்சதில்ல," என்றார் வாட்ச்மேன்.

சித்தப்பா போய்க் கூப்பிட்டார். என்ன சொல்லிக் கூப்பிட்டார் என்று இன்றுவரை அவருக்கே தெரியவில்லை. டெய்லர் கழுத்தில் தொங்கிய அளவு டேப்போடு அப்படியே எழுந்து வந்தார். ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று ஏறினார். கதவில் உள்ளங்கையை வைத்தார்.

"நான்தாம்மா... எல்லாரும் இறங்கிட்டாங்க. அஞ்சாவது மாடிப் பெரியவர்கூட இறங்கிட்டாரு. போதும்மா. கையை விடு."

சித்தப்பா இழுத்தார். விரல்கடை வந்தது. போனது.

"இந்த வழியாத்தான் போனேன்... நீ உள்ள நிக்கிறேன்னு..." டெய்லர் கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றார்.

அப்போது படியில் செருப்புச் சத்தம். மகள். ஏழு வயசிருக்கும். கையில் பாதி கடித்த பிஸ்கட்.

"ஏம்ப்பா அழறீங்க?"

"பாப்பா, நீ கீழ போ," என்று டெய்லர் கதவை விட்டு விலகி வந்தார்.

அவள் போகவில்லை. அப்பாவைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். சமையலறையில் இருக்கிற அம்மாவுக்குக் குரல் கொடுக்கிற மாதிரி, சாதாரணமாகச் சொன்னாள்.

"அம்மா, நான் இறங்கிட்டேன்மா."

கதவு விட்டது. இழுத்துக்கொண்டிருந்த சித்தப்பா பிடித்த பிடியோடு மல்லாந்து விழுந்தார்.

உள்ளே யாரும் இல்லை. கரி பிடித்த நடை, உடைந்த ஜன்னல், காற்று. கதவின் உள்பக்கம் முழுக்கக் கரி. கைப்பிடியைச் சுற்றி மட்டும் கருகவில்லை. அங்கே பச்சை பெயிண்ட், இரண்டு கை அளவுக்கு.

அன்றைக்கே புதுக் கதவை மாட்டினார். டெய்லர் அதைத் திறந்துவிட்டுப் பார்த்தார். தானாக வந்து சாத்திக்கொண்டது. மறுபடி திறந்தார். மறுபடி சாத்திக்கொண்டது.

"இதை யாரும் பிடிச்சுக்க வேண்டாமே?"

"வேண்டாண்ணே. தானா சாத்திக்கும்."

"நாலு ஸ்க்ரூ," என்றார் டெய்லர். மேலே இருந்த இரும்புக் கையை அண்ணாந்து பார்த்தபடி நின்றார்.

இதோடு முடிந்தது என்றுதான் சித்தப்பா நினைத்தார். கொஞ்ச நாள் கழித்து டெய்லரிடமிருந்து போன் வந்தது. குரல் தெளிவாக இருந்தது. சந்தோஷமாக இருந்தது என்றுகூடச் சொல்லலாம், அதுதான் சித்தப்பாவுக்கு என்னமோ போல இருந்ததாம்.

"அண்ணே, எங்க வீட்டு வாசக்கதவுக்கும் தானா சாத்துற மாதிரி ஒண்ணு போட்டுத் தாங்களேன்."

"வீட்டுக் கதவுக்கு எதுக்குண்ணே அதெல்லாம்?"

"பாவம்ணே... அவளுக்குக் கை வலிக்குது."

சித்தப்பா மறுநாள் பட்டப்பகலில் பையை எடுத்துக்கொண்டு போனார். டெய்லர் கடையில் இருந்தார். வீட்டுக்கதவு வெறுமனே சாத்தியிருந்தது. தாழ்ப்பாள் போடவில்லை. மெதுவாகத் தள்ளினார்.

ஒரு விரல்கடை போனது. திரும்ப வந்தது.

உள்ளேயிருந்து அந்தப் பிள்ளையின் குரல் கேட்டது. யாருக்கோ பொறுமையாக எடுத்துச் சொல்கிற மாதிரி...

"நெருப்பு இல்லம்மா. கதவு மாமாதான் வந்திருக்காரு. விடு."