பொண்ணை விடப் பெரிய மாப்பிள்ளை

“ஏனுங்க, மாப்பிள்ளை இந்தத் தடவையும் பெருசுதானுங்களா?”

அடிவாரத்தில் பஸ் மலையேறத் தொடங்கியபோது முன்சீட்டு அம்மா கேட்டார். பக்கத்திலிருந்த கணவரின் மடியில் தண்ணீர் நிரம்பிய பிளாஸ்டிக் பை. அதற்குள் ஆரஞ்சும் வெள்ளையுமாக ஒரு கோமாளி மீன்.

“போன ரெண்டையும் நம்ம ஊட்டுத் தொட்டியில இருக்கற பொண்ணு கடிச்சே கொன்னுபோட்டுது. பத்தலீங்களா?”

“அதுக தாக்குப் பிடிக்கல, அம்மிணி. இது நல்லா வாட்டசாட்டமா இருக்குது.”

“ஐயோ! இந்த மீனுல பொண்ணுதானுங்க பெருசு. தன்னை விடப் பெருசா ஒண்ணு வந்தா, எடத்தைப் புடிக்க வந்துட்டுதுன்னு சண்டைக்குத்தான் போகும். சின்னதா எடுங்கன்னு கடைக்காரரு தலைதலையா அடிச்சுக்கிட்டாரே!”

“பொண்ணை விட மாப்பிள்ளை குட்டையா இருந்தா பாக்கறவங்க சிரிக்க மாட்டாங்களா?”

“நம்ம கண்ணாலத்துலயுந்தான் ஊரே சிரிச்சுது. நாம என்ன, கடிச்சுக்கிட்டுச் செத்தா போயிட்டோம்?”

கொட்டச்சேட்டில் இறங்க இருவரும் எழுந்து நின்றார்கள். மீன் பையை நெஞ்சோடு அணைத்திருந்த கணவர், அந்த அம்மாவின் தோளுக்குத்தான் இருந்தார்.