ஆறு மாசமா வராத டூல்

சிங்கப்பூர் தேக்கா சந்தையின் தோசைக்கடை வரிசையில் எனக்கு முன்னால் கழுத்தில் ஆபீஸ் அட்டை தொங்க இரண்டு பெண்கள். இளையவள் பூரித்துப்போய்ச் சொன்னாள்:

"என்னால முடியாதுன்னு நிரூபிச்சிருக்காங்கக்கா!"

"என்னடி உளறுற?"

"எந்தக் கம்ப்யூட்டர் புரோகிராமைக் கொடுத்தாலும், அது ஓடி நிக்குமா, நிக்காம சுத்திக்கிட்டே இருக்குமான்னு முன்கூட்டியே சொல்ற டூல் எழுதப் பார்த்தேன்ல, ஆறு மாசமா?"

"காலேஜ் போகாததாலதான் வரலன்னு அழுதியே, அதுவா?"

"அதேதான். இப்ப அடிப்படைப் பாடத்தை நானே படிக்கிறேன்ல. அப்படி ஒண்ணை யாராலயும் எழுத முடியாதாம். கம்ப்யூட்டரே வராத காலத்துல, வெறும் பேப்பர்ல நிரூபிச்சுட்டாங்க லா! படிச்சதும் உடம்பெல்லாம் சிலிர்த்துப்போச்சு."

வரிசை நகர்ந்தது, மூத்தவள் நகரவில்லை.

"நான் டிகிரியிலயே இதைப் படிச்சேன்டி. பரீட்சை எழுதினதோட மறந்துட்டேன்," என்றாள். "எப்படி நிரூபிச்சாங்க? மெதுவா சொல்லு."