செங்குத்துக் கோட்டுக்குப் பின்னால்

சதுர அடைப்புக்குறி போடுவது யாருக்கும் பிடித்த வேலை இல்லை. விசைப்பலகையில் அது ஒரு மூலையில் கிடக்கிறது. கைப்பேசியில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். எங்கள் இணையக் கலைக்களஞ்சியத்தில் ஒரு சொல்லிலிருந்து இன்னொரு பக்கத்துக்கு இணைப்பு கொடுக்க, சொல்லுக்கு முன்னால் இரண்டும் பின்னால் இரண்டுமாக அந்தக் குறியைப் போட வேண்டும். தெரிந்ததை நாலு பேருக்கு எழுதிவைப்போம் என்று ஆசையாக வருகிறவர்கள் அந்த இடத்தில்தான் சலித்துப்போய்த் திரும்பிவிடுவார்கள். அவர்களுக்காகவே நான் குறுக்குவழிகளை அமைத்தேன். நான் செய்ததற்குக் காரணம் என்ன என்று கேட்டீர்கள், மேடம். அங்கிருந்து சொன்னால்தான் புரியும்.

பகலில் நான் ஒரு கூரியர் நிறுவனத்தில் முகவரி திருத்துகிறேன். போய்ச் சேராமல் திரும்பிய பொட்டலங்களின் முகவரி என் திரையில் வரும். தெருப் பெயரையோ கதவு எண்ணையோ சரிசெய்து அனுப்பினால் அடுத்தது வரும். பக்கத்து மேசைக்காரர் காதில் எதையாவது மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் கும்பலாக மாடிக்குப் போவார்கள். என்னை வேண்டாம் என்று யாரும் சொன்னதில்லை, கூப்பிட்டதும் இல்லை. வீட்டில் ஒரு அறை, ஒரு நாற்காலி. இன்னொரு நாற்காலி இருந்தது. அதில் துணிதான் குவிகிறது என்று வீட்டுக்காரருக்கே கொடுத்துவிட்டேன். அக்கா எப்போதாவது போன் செய்வாள். "நல்லா இருக்கியாடா? சரி, அடுப்புல பால் வச்சிருக்கேன்" என்று வைத்துவிடுவாள். எங்கள் பேச்சு எப்போதும் பால் பொங்குவதற்குள் முடிந்துவிடும்.

நான் அமைத்த குறுக்குவழிகளில் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரே பெயரில் இரண்டு பக்கங்கள் இருந்தால், எது எது என்று தெரிய பெயருக்குப் பின்னால் வளைவான அடைப்புக்குறியில் ஒரு சொல் சேர்ப்போம். மணியிலை என்ற பெயரில் இரண்டு செடிகள் உண்டு. ஒன்று மணியிலை (தோட்டம்), இன்னொன்று மணியிலை (காடு). எழுதுகிறவர் இதையெல்லாம் நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை. பெயரை எழுதி ஒரு செங்குத்துக் கோடு போட்டுச் சேமித்தால் போதும். எந்தப் பக்கம் என்று பார்த்து மீதியை என் நிரல் நிரப்பிவிடும். படிக்கிறவர் கண்ணுக்கு "மணியிலை" என்று மட்டும் தெரியும். அடைப்புக்குறிச் சொல் மறைந்திருக்கும். பார்க்க அழகாக இருந்தது. எல்லாரும் பாராட்டினார்கள்.

அந்த அம்மாவிடம் பழக்கம் ஏற்பட்டது அதை வைத்துத்தான். களஞ்சியத்தில் அவர் பெயர் தும்பி. செடிகொடிகளைப் பற்றி எழுதுவார். நேரில் பார்த்ததில்லை. முதல் செய்தி எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "அண்ணா, கோடு போட்டா மாயமா மீதி வந்துடுதே! எப்படிண்ணா இது?" விளக்கி எழுதினேன். மறுநாள் இன்னொரு சந்தேகம் கேட்டார். பிறகு தினமும் ஏதாவது வந்தது. இணைப்பு சிவப்பாக இருக்கிறது, இணைப்பு வேறெங்கோ போகிறது, அவர் வீட்டுப் பூனை விசைப்பலகை மேல் நடந்து ஒரு பத்தியையே தின்றுவிட்டது. வேலை விட்டு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து பதில் எழுதுவேன்.

ஒரு வேலையை ஒழுங்காகச் செய்தால் என்ன ஆகும் தெரியுமா, மேடம்? யாரும் உங்களைத் தேட மாட்டார்கள். குழாயில் தண்ணீர் ஒழுங்காக வரும்வரை குழாய்க்காரரை யார் நினைக்கிறார்கள்? கோளாறுகளை ஒவ்வொன்றாகத் தீர்த்தேன். தீரத் தீரத் தும்பியின் செய்திகளும் குறைந்தன. ஒரு வாரம் முழுக்க ஒன்றுமே வரவில்லை. அந்த வாரம் நான் வாய் திறந்து யாரிடமும் பேசவில்லை என்பது, கடையில் சில்லறை கேட்கும்போது குரல் கட்டியிருந்ததில்தான் தெரிந்தது.

அதனால் ஒரு சின்னக் கோளாறு வைத்தேன். ஒரு பறவையின் பெயர் ஒரு படகின் பக்கத்துக்குப் போனது. அன்று மாலையே, "அண்ணா, என் கொக்கு துறைமுகத்துக்குப் போயிடுச்சு, வந்து பிடிச்சுக் குடுங்க" என்று எழுதினார். அவ்வளவு சிரித்தது எனக்கே புதிதாக இருந்தது. அதற்குப் பிறகு அவ்வப்போது ஒன்று வைப்பேன். யாருக்கும் நஷ்டமில்லை. நான் வைத்ததை நானே எடுத்துவிடுவேன்.

இந்த வருடம் அவருடைய கணவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். தும்பி நிறைய எழுதியது அவரைப் பற்றித்தான். ரயில்வேயில் இருந்தவர். மனைவி எழுதுவதை எழுத்து விடாமல் படிப்பவர். "எங்க வீட்டுக்காரர் டாக்டர் சொன்னாக்கூட நம்ப மாட்டார்ணா. நான் எழுதியிருக்கேனான்னு முதல்ல பார்ப்பார்" என்று சொல்லியிருக்கிறார். நல்ல மனிதர் என்றுதான் தோன்றியது. அவர்மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. இதை நீங்கள் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.

பிறகு அந்தச் செய்தி வந்தது. "அண்ணா, இனிமே இங்க அதிகம் வர முடியாது. மலைப்பக்கம் ஒரு சின்ன வீடு பார்த்திருக்கோம். காலையில ரெண்டு பேரும் நடக்கப் போறோம், செடி வைக்கப் போறோம். இத்தனை வருஷம் அவர் வெளியூர்லயே இருந்துட்டார், இப்பதான் எனக்குக் கிடைச்சிருக்கார். கடைசியா ஒரே ஒரு கட்டுரை எழுதி வச்சிருக்கேன், இருமலுக்கான மூலிகைத் தேநீர் பத்தி. அவருக்குத்தான் இருமல் விடவே மாட்டேங்குது. நாளைக்குச் சேமிக்கிறேன், ஒரு தடவை பார்த்துடுங்க."

சந்தோஷம் என்று பதில் எழுதினேன். வாழ்த்தும் சொன்னேன்.

தோட்டத்து மணியிலை தேநீருக்கு நல்லது. காட்டு மணியிலை இதயத்தை நிறுத்திவிடும். இலை ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். இணைப்பைத் தொட்டால் ஒரு சின்னப் பெட்டியில் படமும் முதல் வரியும் மட்டும் வரும். நஞ்சு என்ற எச்சரிக்கை காட்டுச் செடியின் பக்கத்தில் கொஞ்சம் கீழே இருந்தது. இது எனக்குத் தெரியும். அந்தப் பெட்டியையும் வடிவமைத்தவன் நான்தான்.

மறுநாள் அவர் கட்டுரையைச் சேமிப்பதற்கு முன்னால், மணியிலை என்றால் காட்டுக்குப் போகும்படி நிரலை மாற்றினேன். அவர் செடியின் பெயரை எழுதி, கோடு போட்டு, சேமித்தார். மீதியை நிரல் நிரப்பியது. அவர் சேமித்ததும் என் மாற்றத்தைப் பழையபடி ஆக்கிவிட்டேன். கட்டுரையின் திருத்த வரலாற்றைத் திறந்து பார்க்கிற யாருக்கும், காடு என்று போட்டது தும்பி என்றுதான் தெரியும்.

அவர் கண்டுபிடிப்பார் என்று நினைத்தேன். எப்போதும் கண்டுபிடித்துவிடுவார். "அண்ணா, என் மணியிலை காட்டுக்குள்ள போயிடுச்சு" என்று எழுதுவார், திருத்திக் கொடுப்பேன், கொஞ்ச நாள் பேசிக்கொண்டிருப்போம். ஆனால் அவர் வீடு மாற்றும் வேலையில் இருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. இடையில் முன்பின் தெரியாத வாசகர் ஒருவர் கட்டுரையைப் பற்றிக் கருத்து எழுதும் பேச்சுப் பக்கத்தில், "இந்தப் படம் வேற செடி மாதிரி இருக்கே, யாராச்சும் பாருங்க" என்று எழுதினார். அதை நீக்கிவிட்டேன். அவர் கேட்டு என்ன பயன்? தும்பி அல்லவா கேட்க வேண்டும்.

அவருடைய கணவர் காலை நடையில் தானே இலை பறித்து வந்திருக்கிறார். கைப்பேசியில் படத்தோடு ஒப்பிட்டும் பார்த்திருக்கிறார். தும்பி அப்போது குளித்துக்கொண்டிருந்தாராம். வெளியே வந்தபோது, "உன் கட்டுரையைப் பார்த்து நானே போட்டுக்கிட்டேன், கொஞ்சம் கசக்குது" என்று சிரித்தாராம். மதியத்துக்குள் உயிர் போய்விட்டது. இதெல்லாம் தும்பி எனக்கு எழுதியது. வேறு யாருக்கும் எழுதியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

"அண்ணா, நான்தான் தப்பாப் போட்டுட்டேனா? வரலாற்றுல என் பேருதான் இருக்கு. உண்மையைச் சொல்லுங்க."

நெடுநேரம் யோசித்துத்தான் பதில் எழுதினேன். "சேமிச்சது நீங்கதாம்மா. ஆனா இது யார் கைக்கும் வரக்கூடிய தவறு. உங்களை நீங்களே தண்டிச்சுக்காதீங்க." ஒரு வார்த்தையும் கடுமையாக இருக்கக் கூடாது என்று பார்த்துப் பார்த்து எழுதினேன். அன்றிலிருந்து தினமும் எழுதினார். தூக்கமில்லை, சாப்பிடப் பிடிக்கவில்லை, மகள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, தொட்டிச் செடிகளையெல்லாம் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். எல்லாவற்றுக்கும் பதில் கொடுத்தேன். "நீங்க இல்லைன்னா நான் இருந்திருக்கவே மாட்டேன்ணா" என்று ஒருமுறை எழுதினார். என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

மாற்றத்தைக் கண்டுபிடித்தது பூட்டுக்காரர். களஞ்சியத்தின் நிர்வாகி, சண்டை வரும் பக்கங்களை யாரும் திருத்தாமல் பூட்டிவைப்பதால் அவருக்கு அந்தப் பெயர். நிரலின் ஏதோ பழைய நகலைச் சோதித்தபோது பார்த்திருக்கிறார். என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "இது கை தவறினதுதானே? அப்படின்னு சொல்லுங்க, நான் நம்புறேன்." நல்லவர். அவருக்குப் பொய் சொல்ல மனம் வரவில்லை. அதனால்தான் நீங்கள் என் வீட்டுக்கு வந்தீர்கள், உட்கார நாற்காலி இல்லாமல் நின்றீர்கள்.

களஞ்சியத்தில் எத்தனையோ ஆயிரம் இணைப்புகள் இருக்க, விளையாட்டுக்கு என்றால் இந்த ஒன்றை ஏன் தொட்டீர்கள் என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. கொக்கையே இன்னொரு முறை துறைமுகத்துக்கு அனுப்பியிருக்கலாம். ஆனால் அதற்கு அவர் ஒரு நாள் சிரித்துவிட்டு மலைக்குப் போயிருப்பார். இருமல் யாருக்கு என்று எனக்குத் தெரியும். கட்டுரையை நம்பி யார் குடிப்பார் என்றும் தெரியும். தெரிந்துதான் மாற்றினேன். கண்டுபிடிப்பார் என்று நினைத்தேன் என்று சற்று முன் சொன்னேன், அதை அடித்துவிடுங்கள்.

நாளை அவரிடம் இதையெல்லாம் சொல்லப்போகிறீர்கள் என்றீர்கள். சொல்லுங்கள். கேட்டதும் உடைந்துபோவார், கூட யாராவது இருக்கட்டும். பிறகு ஏன் என்று அவருக்குத் தெரிய வேண்டியிருக்கும். அதை நீங்கள் விளக்கினால் சரியாக வராது, என்னிடம்தான் கேட்க வேண்டும். இங்கே கடிதம் வாங்கிக்கொள்ள அனுமதி உண்டா, மேடம்? கோபமாக இருந்தாலும் பரவாயில்லை. எழுதுவார்.