மணிபிளாண்ட் பாட்டில்

எங்கள் வீட்டு ஜன்னலில், ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஒரு மணிபிளாண்ட் இருக்கிறது சார். என் வீட்டுக்காரர் சிராஜுதீன் வைத்தது. தண்ணீர் மாற்றாமலே நன்றாக வளரும்.

கல்யாணமாகிப் பதினோரு வருஷம். லீவையெல்லாம் சேர்த்தால் அவர் என்னோடு இருந்தது பதினாறு மாதம். எங்கள் ஊர் லப்பைக்குடிக்காட்டில் பாதி ஆண்கள் வெளிநாட்டில்தான், இது அதிசயமில்லை. துபாயிலிருந்து கேசட்டில் பேசி அனுப்புவார். டேப்ரிகார்டருக்கு முன்னால் உட்கார்ந்து பதில் பேசிப் பேசி எனக்கு அலுத்துவிட்டது.

எண்பத்தாறில் ரத்தப் புற்றுநோயோடு வந்து இறங்கினார். தெருவே அழுதது, நானும் அழுதேன். உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருந்தேன். மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றுவதற்காக அவர் நெஞ்சில் ஒரு குழாய் வைத்தார்கள். அது அடைத்துக்கொள்ளாமலிருக்க தினமும் ஊசியால் மருந்துத் தண்ணீர் விட வேண்டும். நர்ஸ் மலர்கொடிதான் எனக்குக் கற்றுக்கொடுத்தார். "கைய நல்லா கழுவிக்கம்மா. தூசு போனாலும் ஆபத்து." அதை நான் ஒரு நாளும் மறக்கவில்லை.

எட்டு மாதத்தில் தேறிவிட்டார். "விசா புதுசா அனுப்பறாங்களாம் மைமூன். குழாய எடுத்ததும் போயிட்டு வந்துடறேன்," என்றார்.

அன்று ஊசியில் மணிபிளாண்ட் தண்ணீர் ஒரு சொட்டு சேர்த்தேன். குளிர்காய்ச்சல் வந்தது, பயணம் தள்ளிப்போனது. குறைந்ததும் மறுபடி டிக்கெட் பேச்சு. மறுபடி ஒரு சொட்டு.

"என்ன விட்டுட்டுப் போயிடாத," என்று நடுங்கிக்கொண்டே கையைப் பிடித்துக்கொள்வார். பதினோரு வருஷமாக நான் அவரிடம் சொன்னது அதுதான்.

மூன்றாவது சொட்டுக்கு வந்த காய்ச்சல் அடங்கவில்லை. திருச்சியில் ரத்தத்தைச் சோதித்த டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இந்தக் கிருமி தேங்கின தண்ணியில இருக்கறதும்மா. மனுசன் ரத்தத்துல நான் பார்த்ததே இல்ல. குழாய எடுத்துட்டு வேற மருந்து குடுக்கணும். எதுலேருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சா சீக்கிரம் புடிச்சிடலாம். யோசிச்சுச் சொல்லுங்க."

யோசித்தேன். சொன்னால் பிழைத்துவிடுவார். பிழைத்தால் போய்விடுவார்.

"ஒண்ணும் தெரியலைங்க," என்றேன். மூன்றாம் நாள் இறந்துபோனார்.

புருஷனை இழந்தவள் வீட்டோடு இருக்க வேண்டிய இத்தா, அந்த நாலு மாதம் பத்து நாளும் வாசற்படி தாண்டவில்லை. காத்திருந்து பழகியவளுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை.

நான்தான் செய்தேன், எழுதிக்கொள்ளுங்கள் இன்ஸ்பெக்டர் சார். ஆனால் அவரைக் கொல்ல வேண்டும் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. அந்த ஜன்னலில் நின்றால் அவரை அடக்கிய மையவாடியின் மதில் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து இப்போதுதான் அவர் ஊரோடு இருக்கிறார்.